ஊழல் இளைஞர்களின் வேலையின்மையை எவ்வாறு பாதிக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பலரும் பணம் கொடுத்தவருக்கு வேலை கிடைத்துவிடுகிறது, தகுதியுள்ளவருக்குக் கிடைப்பதில்லை என்று பதில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை நேரத்தில் வகுப்பெடுத்து வரும் நான், பறிபோகும் பணியிடங்களைவிட அதனால் வீணாகும் ஆண்டுகளே பெரிய இழப்பு என்று கருதுகிறேன்.

அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளில் 1,058 விரிவுரையாளர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017 செப்டம்பரில் நடத்திய தேர்வை ஏறத்தாழ 1.33 லட்சம் பேர் எழுதினர். அவர்களில் 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டது தெரியவந்ததால், 2018 பிப்ரவரியில் அந்தத் தேர்வே ரத்து செய்யப்பட்டது. மறுதேர்வு நடந்ததோ 2021 டிசம்பரில். இடையில் கொரோனா வந்தது என்பார்கள்; தேர்வு ரத்தானதற்கும் ஊரடங்கிற்கும் நடுவே முழுதாக இரண்டு ஆண்டுகள் இருந்தனவே!

என்னிடம் படித்த ஒரு பெண், முதல் தேர்வை நன்றாக எழுதியிருந்தார். ரத்து அறிவிப்பு வந்தபின், அடுத்த தேர்வு எப்போது என்று வீட்டில் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. வரன் பார்ப்பதைத் தள்ளிப்போட அதற்கு மேல் காரணமும் இல்லாமல் போயிற்று. திருமணமாகி, குழந்தை பிறந்தபின் மறுதேர்வுக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அவருடன் படித்த இளைஞர் பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு உணவு விநியோகத்துக்குச் சென்றார். அவர் வேலையில் இருப்பவராகவும், வீட்டுப் பணிகளைப் பார்க்கும் அந்தப் பெண் வேலை தேடாதவராகவும் கணக்கெடுப்பில் பதிவாவதால், வேலையின்மை விகிதத்தில் இந்த இருவருமே தெரியமாட்டார்கள்.

2019 செப்டம்பரில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய குரூப் 4 தேர்வில் நடந்தது வேறு விதம். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில், சில மணி நேரத்தில் அழிந்துவிடும் மையால் விடைகளைக் குறித்துவிட்டு வந்தவர்களுக்கு, விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பினர். தேர்வாணையம் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்து, தேர்வை ரத்து செய்யாமல் மற்றவர்களைக் காப்பாற்றியது. விடை தெரியாத கேள்விக்கு, அதைக் குறிக்கும் ஐந்தாவது வட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற விதி வந்ததும் அதன் பிறகுதான்.

தவறு செய்தவர்களைப் பிரித்தெடுக்க முடியாதபோது அத்தனை பேரும் தண்டனை அனுபவிக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் 2016 ஆசிரியர், பள்ளி ஊழியர் தேர்வுகளின் அடிப்படையில் பணியில் சேர்ந்த சுமார் 25 ஆயிரம் பேரின் நியமனம், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ரத்தானது. நேர்மையாக எழுதித் தேறியவர்களும் அதில் இருந்தனர்.

மத்திய அரசுத் தேர்வுகளுக்காக 2024இல் வந்த முறைகேடு தடுப்புச் சட்டம், கூட்டுச் சதி செய்வோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது, வரவேற்கிறேன். ஆனால் ரத்தான தேர்வை இத்தனை மாதங்களுக்குள் மீண்டும் நடத்தியே தீர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆறு மாதக் கெடு ஒன்றைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.