யார் உண்மைக் கிறிஸ்தவர் என்று ஒரு சபை தீர்மானிக்கலாமா?

"நம் சபைக்கு வெளியே இருப்பவர்கள் உண்மைக் கிறிஸ்தவர்கள் இல்லை" என்று போதகர் சொல்வது சரியா எனக் கேட்டிருக்கிறீர்கள். இது மிகப் பழைய வழக்கு. 303இல் ரோமப் பேரரசன் தியோக்ளேசியன் வேதநூல்களை எரிக்க உத்தரவிட்டபோது, வட ஆப்பிரிக்காவில் சில ஆயர்கள் பயந்து அவற்றை ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் கைவைத்து அபிஷேகம் செய்த ஆயர் செல்லாது, அவர் தரும் ஞானஸ்நானமும் செல்லாது என்று, தொனாத்துஸ் என்ற ஆயரைப் பின்பற்றிய தொனாத்தியர்கள் பிரிந்துபோனார்கள். தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, வட ஆப்பிரிக்க ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் அவர்களுக்கு மத்தேயு 13ஐக் காட்டினார்: கோதுமையும் களையும் அறுப்புவரை சேர்ந்தே வளரட்டும், பிரிப்பது நம் வேலையல்ல. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அதே அகுஸ்தீன், பின்னாளில் அரச தண்டனையைக் காட்டி அவர்களைத் திருப்புவதை ஆதரித்தார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.