ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உட்காருங்கள்

கேள்வி: பெரம்பூரில் பிளஸ் டூ படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். வக்கீலாக ஆசை. டிசம்பரில் கிளாட், அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு, எழுதலாம் என்றிருக்கிறேன். ஒரு கோச்சிங் சென்டரின் டெமோ கிளாஸுக்குப் போனேன். ‘தனியாகப் படித்தெல்லாம் இதில் தேற முடியாது’ என்றார்கள். அவர்கள் கேட்ட ஃபீஸ் அப்பாவின் ஐந்து மாதச் சம்பளம். வீட்டிலிருந்தே படித்தால் முடியாதா?

பதில்: முடியும். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது கோச்சிங் அல்ல, ‘பத்தாவது வரை தமிழ் மீடியம்’ என்ற வரி. கிளாட் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. 120 நிமிடம், 120 கேள்வி. பெரும்பாலும் 450 வார்த்தை வரை போகும் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன் கீழே கேள்விகளை அடுக்குவார்கள். வேகமாகப் படிக்க வருகிறதா, படித்தது மண்டையில் ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதை எந்த சாரும் உங்களுக்காகப் படித்துத் தர முடியாது.

ஆகவே தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கம். முதல் மாதம் ஒரு கட்டுரைக்கே அரை மணி ஆகும், ஆகட்டும். நடுவில் டிக்‌ஷனரியைப் புரட்டாதீர்கள். முழுசாகப் படித்து முடித்து, எழுதியவர் என்னதான் சொல்கிறார் என்று நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். புரியாததைப் புரிந்ததாகப் பாவனை செய்வது தாய்மொழியில் கொஞ்சம் கஷ்டம். கரன்ட் அஃபேர்ஸில் பாதியும் இதிலேயே வந்துவிடும்.

சட்ட விதியைச் சம்பவத்துக்குப் பொருத்திப் பார்க்கும் பகுதிக்கு லீகல் ரீசனிங் என்று பெயர். அது என்றதும் பலர் லத்தீன் சொற்களை உருப்போடக் கிளம்பிவிடுகிறார்கள். தேவையே இல்லை, விதியை அவர்களே பத்தியில் கொடுத்துவிடுவார்கள். உதாரணமாக, ‘ஆபத்து தெரிந்தும் தானாக அதற்குச் சம்மதித்தவர் நஷ்டஈடு கேட்க முடியாது’ என்று ஒரு விதி. சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து மேட்ச் பார்த்தவரின் தலையில் சிக்ஸர் விழுந்தால் அவர் கேட்க முடியாது. அதே பந்து வெளியே வாலாஜா சாலையில் பஸ்ஸுக்கு நின்றவர் மேல் விழுந்தால்? அவர் எதற்கும் சம்மதிக்கவில்லையே, இந்த விதி அவரைத் தடுக்காது. ‘பாவம், அடிபட்டவர்’ என்று மனசு சொல்வதைக் கேட்டு விடையைக் குறித்தால் மார்க் போய்விடும்.

கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான், சதவீதமும் விகிதமும் கைவசம் இருந்தால் சமாளிக்கலாம்.

தடியான கைடு எதுவும் வாங்க வேண்டாம். தேர்வை நடத்தும் கன்சார்டியத்தின் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. 2020-க்கு முந்தியவற்றைத் தொடாதீர்கள், அந்த வருடம்தான் கேள்விமுறையே மாறியது. வாரம் ஒரு தாளை ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை எழுதிப் பாருங்கள். சமீப வருடங்களில் நிஜத் தேர்வு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றும் அந்த வேளைக்கு உடம்பைப் பழக்க வேண்டும். வீட்டில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு.

தனியாகப் படிப்பவர்கள் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நீங்கள் தாள் எழுத இரண்டு மணி நேரம் என்றால், தப்புகளைப் பார்க்க மூன்று மணி நேரம் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பத்தி புரியவில்லையா, ‘அல்ல’ என்ற சொல்லைக் கவனிக்கவில்லையா, அவசரமா. ஒரு மாதத்தில் உங்கள் வியாதி என்னவென்று தெரிந்துவிடும். தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். நான்கில் இரண்டு விடைகளைக் கழித்துவிட முடிந்தால் துணிந்து குறிக்கலாம்.

இன்னொன்று, கிளாட்டுக்காக பிளஸ் டூவைக் கைவிட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். உயர்நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு நடமாடுபவர்களில் பெரும்பாலானோர் கிளாட் எழுதாதவர்கள். கிளாட்டில் வென்றால் திருச்சியிலேயே தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுச் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டும். கல்விக் கடன் பற்றி அப்பாவை வங்கியில் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். கோச்சிங் ஃபீஸைவிடப் பெரிய கணக்கு அது.

தேர்வு டிசம்பர் முதல் ஞாயிறை ஒட்டி வருகிறது, சென்னையில் மழைக் காலம். 2023-ல் டிசம்பர் 3 அன்று தேர்வு, மறுநாள் மிக்ஜாம் புயலில் ஊரே மிதந்தது. சென்டர் எங்கே என்று தெரிந்ததும் முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள், எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்பதையும் சேர்த்து.