ராட்வைலர் வாங்க அவசர நிதியில் கை வைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வாடகை வீடு. சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்த்து வருகிறோம். ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி தனியாக இருக்கிறது. காவலுக்கு ஒரு ராட்வைலர் இன நாய்க்குட்டி வாங்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. அதன் விலையை அவசர நிதியிலிருந்து எடுத்துக்கொண்டு பிறகு மாதாமாதம் நிரப்பிவிடலாம், கேமரா செலவும் மிச்சம் என்கிறார். செய்யலாமா?

பதில்: அவசர நிதியைத் தொடாதீர்கள். குட்டி வரும் அன்றே அந்த நிதியின் பொறுப்பில் இன்னோர் உயிர் சேர்கிறது. அன்றைக்கே அதைக் குறைப்பது எந்த ஊர்க் கணக்கு?

குட்டியின் விலையை ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. அப்புறம் வருவதெல்லாம் எடைக்கணக்கு. வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவைத் தாண்டக்கூடும். தீனி மட்டுமல்ல, குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடையைப் பார்த்துத்தான். 10 கிலோ நாய் வளர்க்கும் நண்பரிடம் செலவு விசாரித்துப் பட்ஜெட் போட்டால் கணக்கு உதைக்கும்.

எனக்குக் கவலை தருவது மாதச் செலவு அல்ல, ஓர் இரவுச் செலவு. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு வயிறு காற்றடைத்து உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் நாய் பிழைப்பது கடினம். அந்த நேரத்தில் வைப்புநிதியை உடைக்கவோ கடனுக்கு விண்ணப்பிக்கவோ முடியாது. பணம் உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும். உங்கள் பகுதி கால்நடை மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று இப்போதே கேளுங்கள். நாய்க்கென்று தனியாக ஒதுக்க வேண்டிய தொகை அதுதான். கருத்தடை அறுவை சிகிச்சையின்போதே, முறுக்கு விழாதபடி இரைப்பையை வயிற்றின் உட்சுவரோடு சேர்த்துத் தைக்கும் முறையும் இருக்கிறது. ஒரே மயக்க மருந்தில் இரண்டு வேலை. அது பற்றியும் கேட்டுவிடுங்கள்.

இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் சகஜம். தாய், தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டாமல் ஒருவர் குட்டியை மலிவாகக் கொடுத்தால், மீதி விலையை நீங்கள் மருத்துவரிடம் கட்டுவீர்கள்.

காப்பீடு எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்களுக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதைவிட முக்கியம், நாய் யாரையாவது கடித்துவிட்டால் வரும் இழப்பீடு. அதைச் செல்லப்பிராணிக் காப்பீடு ஏற்குமா, வீட்டுக் காப்பீடு ஏற்குமா, விலக்கிய இனங்களின் பட்டியலில் ராட்வைலர் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னது எடுபடாது.

அடுத்து வீடு. வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா? இந்த நாய் 9, 10 ஆண்டுகள் உங்களோடு இருக்கப்போகிறது. அதற்குள் சொந்த வீடும் வாங்குவீர்கள். அடுக்குமாடியா, வேலி போட்ட தனி வீடா என்பதை நாய்தான் முடிவு செய்யும். முன்பணத்தின் அளவும் அதோடு மாறும். கணவரின் கணக்கில் விடுபட்ட பெரிய செலவு இதுதான்.

கேமரா மிச்சம் என்பதில் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், தனியாக விட்ட நாய் என்ன செய்கிறது என்று பார்க்கவே கேமரா வாங்குவீர்கள்! பகலில் நடத்திக்கொண்டு போக ஆள், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள இடம் இரண்டும் வேண்டும். எல்லாக் காப்பகங்களும் இந்த இனத்தை ஏற்பதில்லை. பயிற்சிச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குட்டி முதல் மூன்று, நான்கு மாதங்களுக்குள் மனிதர்களோடும் சத்தங்களோடும் பழகாவிட்டால், பிறகு 50 கிலோ பயத்தை வீட்டில் வைத்திருப்பீர்கள். அந்தக் காலத்து ஜெர்மன் மாட்டு வியாபாரிகள் பணப்பையை ராட்வைலரின் கழுத்தில்தான் கட்டி அனுப்புவார்களாம். அந்த நம்பிக்கை பழக்கத்தில் வந்தது.

சரி, ஆசையை விட வேண்டாம். நாய் வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அதன் மாதச் செலவை இந்த மாதம் முதல் தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் முன்பணச் சேமிப்பு குறையாமல் ஓடினால், அந்தக் கணக்கிலிருந்தே குட்டியை வாங்குங்கள். இரண்டாவது மாதமே பணம் போட மறந்தால், அதையும் கணவரிடம் காட்டுங்கள்.