ஆண் பன்றி நன்றாகத்தான் இருக்கிறது, குட்டிதான் குறைகிறது

கேள்வி: ராசிபுரம் பக்கம் ஆறு தாய்ப் பன்றிகளோடு வெண்பன்றிப் பண்ணை நடத்துகிறேன். பழைய ஆண் பன்றி இருந்தவரை ஈத்துக்குப் பத்து, பதினொன்று குட்டி கிடைக்கும். போன வருடம் ஒரு வியாபாரியிடம் புது ஆண் பன்றி வாங்கியதிலிருந்து ஐந்து, ஆறைத் தாண்டவில்லை. தீவனம் மாறவில்லை. விந்தைப் பார்த்த டாக்டர் அணுக்கள் நன்றாக ஓடுகின்றன என்கிறார். விற்றவர் வைட்டமின் ஈ, செலினியம் ஊசி போடச் சொல்லிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைவிட நல்ல ஊசி உண்டா? இதன் குட்டிகளில் ஓர் ஆண் அருமையாக வளர்ந்திருக்கிறது, பொலிக்கு நிறுத்தியிருக்கிறேன்.

பதில்: முதலில் ஊசியை நிறுத்துங்கள். செலினியம் அளவு மீறினால் பன்றிக்கு விஷம். அப்புறம், ஊசியைவிட உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை, அதற்கு வருகிறேன்.

குட்டி போடும்போது கருத்துச் சுருங்கிய, காய்ந்துபோன குட்டிகள் விழுந்தனவா? விழுந்திருந்தால், வயிற்றிலேயே குட்டியைக் கொல்லும் பார்வோ வைரஸ் மாதிரி நோய்களைத்தான் சந்தேகிக்க வேண்டும், டாக்டரிடம் பேசுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், பிறக்கிற ஐந்தும் கொழுகொழுவென்று இருந்து, சில தாய்ப் பன்றிகள் 21 நாள் கணக்குக்கும் தள்ளி மறுபடி பருவத்துக்கு வந்தால், கரு ஆரம்பத்திலேயே செத்துக் கரைந்திருக்கிறது. அப்போது ஆண் பன்றியின் குரோமோசோமைச் சந்தேகப்படலாம்.

பன்றிக்கு 38 குரோமோசோம். அபூர்வமாக ஏதாவது இரண்டின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறி ஒட்டியிருக்கும், இரண்டு நோட்டுகளின் கடைசிப் பக்கங்களை மாற்றித் தைத்துவிட்ட மாதிரி. இரண்டு நோட்டும் கையில் இருக்கும்வரை ஒரு வரி குறையாது, அதனால் பன்றி திடமாக இருக்கும், நன்றாகச் சேரும். விந்தணு உருவாகும்போதுதான் பங்கீடு குழம்பி, பல அணுக்களில் ஒரு துண்டு கூடுதலாகவும் இன்னொன்று இல்லாமலும் போகிறது. அந்த அணுவும் மைக்ராஸ்கோப்பில் ஜோராக ஓடும், கருவும் கூட்டும். கருதான் தங்காது. உங்கள் டாக்டர் சொன்னது பொய்யில்லை, அந்தப் பரிசோதனையில் இது தெரியாது, அவ்வளவுதான். 1964-லேயே ஸ்வீடனில் குட்டி குறைந்த ஓர் ஆண் பன்றியிடம் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரான்ஸில் செயற்கைக் கருவூட்டலுக்கு எடுக்கும் ஆண் பன்றிகளை இதற்கென்றே சோதிக்கிறார்கள், இருநூறில் ஒன்று சிக்குகிறது. நம் நாட்டில் உறைவிந்து நிலையங்களுக்கு வரும் பொலிகாளைகளுக்குக் குரோமோசோம் பரிசோதனை உண்டு. சந்தையில் கைமாறும் ஆண் பன்றிக்கு யார் செய்வது?

இனி என் பழைய புலம்பல். ஈத்துக் குறிப்பு எழுதுகிறவர்களே குறைவு, எழுதுகிறவர்களும் தாயின் எண்ணைப் போட்டு, குட்டி எத்தனை என்று போட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். எந்த ஆண் என்ற கட்டமே இருக்காது. தாய்ப் பன்றி இரண்டு ஈத்து குறைத்தால் கறிக்குப் போகிறது, பழி மொத்தமும் அதன் தலையில். ஆண் பன்றியோ உடம்பைக் காட்டியே தப்பித்துவிடுகிறது. வியாபாரிகளுக்கும் இதுதான் வசதி. அப்பன் எண், தாய் எண், கூடப் பிறந்தது எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், "ஒரிஜினல் யார்க்‌ஷயர் சார்" என்று முதுகைத் தட்டிக் காட்டுவார்கள். ஒரு பண்ணை குட்டி குறைவென்று கழித்ததை அடுத்த பண்ணைக்குப் பொலிக்கு விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். குறிப்பு இல்லாத ஆண் பன்றியை இலவசமாகக் கொடுத்தாலும் நான் கொட்டகைக்குள் விடமாட்டேன்.

அடுத்த பருவத்தில் மூன்று தாய்களுக்கு வேறு ஆணின் விந்தைச் செயற்கை முறையில் போடுங்கள். ஆண் பன்றியை இரவல் வாங்காதீர்கள், பன்றிக்காய்ச்சல் கூடவே வரும். மற்ற மூன்றும் இதனிடமே போகட்டும். 114 நாளில் நோட்டு பதில் சொல்லிவிடும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பச்சை மூடி ஹெபாரின் குழாயில் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து போட்டது) ரத்தம் எடுத்து, ஐஸாக உறையவிடாமல் பரிசோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும், செல்லை உயிரோடு வளர்த்துத்தான் பார்ப்பார்கள். கால்நடைப் பல்கலைக்கழக மரபியல் துறையில் கேளுங்கள். ஆறு தாய்களுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். நோட்டு சொன்னால் கறிக்குத் தள்ளிவிடுங்கள், கறியில் ஒரு குறையும் இல்லை.

அந்த மகன் பன்றி? தப்பிப் பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி இதே கோளாறோடுதான் பிறக்கும், வளர்ச்சியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. காத்திருக்காமல் காயடித்துவிடுங்கள். பெண் குட்டிகளுக்கும் இதே கணக்குதான், தாய்க்கென்று எதையாவது நிறுத்தியிருந்தாலோ பக்கத்துப் பண்ணைக்கு விற்றிருந்தாலோ அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.