யெஸ்டிக்கு எந்த சைலன்சர்?

கேள்வி: அப்பா 1984-ல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் பைக் வீட்டில் நிற்கிறது. இரண்டு சைலன்சரும் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன. கடையில் உள்தடுப்பே இல்லாத ஒரு ஜோடியைக் காட்டி, "சத்தம் கணீர்னு வரும், பிக்கப்பும் கூடும்" என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வாங்காதீர்கள். இதே பேச்சை நம்பி நானும் ஒரு முறை மாட்டினேன். கோரிமேடு வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏற ஆரம்பித்ததும் வண்டி திணறிவிட்டது. மூன்றாவது கியரில் போகும் ஏற்றத்துக்கெல்லாம் இரண்டாவது கேட்டது. இருபது கொண்டை ஊசி வளைவையும் முடிப்பதற்குள் அப்பா காலத்து வண்டியை இப்படி வதைக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை.

காரணம் இதுதான். உங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது. புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும் நேரத்தில் புகை போகும் வழியும் திறந்தே இருக்கும். சைலன்சருக்குள் மோதித் திரும்பும் அழுத்த அலைதான் வெளியே நழுவும் கலவையை மறுபடி உள்ளே தள்ளுகிறது. தடுப்பு இல்லாவிட்டால் அந்த அலை குலையும். இழுவை குறையும், பெட்ரோல் எரியாமலே பின்னால் போகும். தடுப்பை எடுத்துவிடு என்று புல்லட்காரர்கள் சொல்லும் யோசனை இதற்குப் பொருந்தாது, புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். 2022-ல் வந்த புது யெஸ்டியும் அப்படித்தான்.

பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் அளவுகோல். புதிது வாங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள். நீளத்தையும் வயிற்றுச் சுற்றளவையும் நூல் பிடித்து ஒப்பிடுங்கள். பின்முனையைக் கழற்றி பஃபிளை, அதாவது உள்தடுப்பை, வெளியே இழுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீளம், துளை எண்ணிக்கை, துளை அளவு. ஒரே சிலிண்டரின் புகை இரண்டு பக்கமும் பிரிந்து போகிற வண்டி இது, அதனால் ஜோடிக்குள்ளும் வித்தியாசம் இருக்கக் கூடாது. கையில் தூக்கிப் பார்ப்பதும் முக்கியம். கரி சுரண்டிய பழைய சைலன்சரைவிடப் புதிது லேசாக இருந்தால் தகடு மெலிது, வேண்டாம். எவர்சில்வரில் செய்து தருகிறோம் என்றால் தாராளமாகச் செய்துகொள்ளலாம், உள் அமைப்பு மாறாத வரை.

மாட்டும்போது கேஸ்கெட் புதிதாகப் போடச் சொல்லுங்கள். இன்ஜின் பக்க நட்டை உளி வைத்துத் தட்ட விடாதீர்கள், வளைந்த முனையுள்ள சி ஸ்பேனர்தான் சரி.

அளவு பொருந்தினால் கார்புரேட்டரைத் தொட வேண்டியதே இல்லை. அப்படியே அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற நேர்ந்தாலும் சேலத்தில் வைத்தே பாருங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவதால் அங்கே பெட்ரோல் அதிகம் போவதுபோல் தெரியும். அதை நம்பிக் குறைத்துவிட்டு இறங்கினால், சேலத்து வெயிலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சத்த விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அப்புறம், அடிப்பக்கம் ஏன் ஓட்டையானது? கடைத்தெரு வரை மட்டும் ஓட்டினால் சைலன்சர் நன்றாகச் சூடேறாது. புகையிலுள்ள நீராவி தண்ணீராகி அடியில் தங்கித் தகட்டை அரிக்கும். வாரம் ஒரு நாளாவது அடிவாரம் வரை ஓட்டி வாருங்கள்.