ரொயோட்டாவின்ர பழைய ஸ்போர்ட்ஸ் கார் எம்ஆர்2 திரும்ப வருதாம், மிட் எஞ்சின் எண்டா என்ன, நம்பலாமோ?

தம்பி, எங்கட டொல்பின் வானில டிரைவர் சீட்டுக்குக் கீழ எஞ்சின் கிடக்குதெல்லோ, அதை சீட்டுக்குப் பின்னால, பின் சில்லுக்கு முன்னால தள்ளி வச்சா அதுதான் மிட் எஞ்சின். பாரம் நடுவில நிக்கிறதால ஸ்ரேறிங்கைத் தொட்ட உடன மூக்குத் திரும்பும்.

1984ல வந்த முதல் எம்ஆர்2 ஒரு தொன்னுக்குக் கிட்டத்தான், சும்மா பறக்கும். 2007ல மூண்டாவது மொடலோட முடிஞ்சுது. பிறகு 2025 ஜனவரியில 2.0 லீற்றர் டேர்போ எஞ்சினை நடுவில வச்சு ஜிஆர் யாரிஸ் எம் கொன்செப்ட் எண்ட காரை ரொயோட்டாக்காரர் காட்டினவங்கள், அதிலதான் எல்லாருக்கும் ஆசை கிளம்பினது, ஆனா அது டெஸ்ட் வண்டி, கடைக்கு வாற கார் இல்லை.

என்ர பயம் பாரம்தான். இப்பத்தைய சேப்டி சாமான், ஹைபிறிட் பற்றரி, மோட்டர் எல்லாம் ஏத்தினா அந்தப் பழைய இலேசு எங்க கிடைக்கும்? மற்றது, வளைவில பாதியில பயந்து அக்சிலரேற்றரை விட்டியெண்டா பாரம் முன்னுக்குப் போய், பின் ரயர் பிடியை விட்டு கார் சுத்தும், 1989ல வந்த ரெண்டாவது மொடலுக்கு இந்தக் கெட்ட பேர் நல்லா இருந்தது, பிறகு சஸ்பென்சனை மாத்தினவங்கள். பின்னேரத்தில ஏ9 றோட்டில மாங்குளம் பக்கம் மாடு குறுக்க வரேக்க இதை யோசிச்சுப் பார்!

மனுவல் கியரோட வந்தா நல்லம். ஆனா இஞ்ச வரியைக் கட்டி எடுக்கிற காசுக்கு நான் ரெண்டு ரக்ரர் வாங்கி வயலுக்கு விட்டிடுவன்.