எடுக்கும்போது திணறும் கெப்: இன்ஜெக்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு ஹைலக்ஸ் விகோ, 2.5 லீட்டர் டீசல். வெல்லாவெளியிலிருந்து நெல் மூட்டையும் மரக்கறியும் களுவாஞ்சிகுடிக்கு ஏற்றுகிறேன். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது மட்டும்தான் கரைச்சல். கிளச்சை விட்டு அக்சிலேட்டரை மிதித்தால் ஒன்றிரண்டு செக்கன் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரு குலுக்கலோடு பாயும். ஓட்டத்தில் இழுவை நல்லம். புகை இல்லை. சில நேரம் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. டாங்கி கால்வாசிக்குக் கீழே போனால் திணறல் கூடுகிறது. பெரும்போக அறுவடையில் வெட்டும் மெஷினுக்கென்று வயல் வட்டைக்குள் பரலில் வைத்திருந்த டீசலை இதற்கும் ஊற்றினோம். அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கராஜில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
வாசகர், வெல்லாவெளி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தம்பி. புகை இல்லை, டாங்கி குறைந்தால் கூடுகிறது, பரல் டீசலுக்குப் பிறகு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் டீசல் வரும் பாதையைத்தான் காட்டுகின்றன. என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர் அந்தப் பாதையின் கடைசி முனைதான். முன்னால் தண்ணீரும் அழுக்கும் கிடக்க, கடைசி முனையை மட்டும் புதிதாக்கினால் அந்தப் புது இன்ஜெக்டரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கும். இன்ஜெக்டர் பழுதென்றால் பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரமாகும், வெள்ளைப் புகை வரும், ஐட்லிங்கில் தட்டும் சத்தம் கேட்கும். இதில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை.

நின்று எடுக்கும்போது மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். இது கொமன் ரெயில் என்ஜின், அதாவது பம்ப் அழுத்தும் டீசல் 'ரெயில்' என்ற ஒரே குழாயில் சேர்ந்து, அங்கிருந்து நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். ஐட்லிங்கில் ரெயிலுக்குள் ஏறத்தாழ 300 பார் அழுத்தம்தான் இருக்கும். மூட்டைகளோடு எடுக்க மிதித்தவுடன் கொம்பியூட்டர் பல மடங்கு அழுத்தம் கேட்கும். உச்சத்தில் அது 1600 பார் வரை போகும். என்ஜின் நிமிடத்துக்கு 1600 சுற்றுக்குக் கீழே ஓடும்போது, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போவும் பெரிதாகக் கைகொடுக்காது. இந்த வண்டியில் டாங்கிக்குள் தள்ளும் பம்ப் இல்லை. முன்னால் இருக்கும் பம்பே பின்னாலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அந்த உறிஞ்சும் குழாயில் ஊசித் துவாரம் இருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதால் குழாய் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் டீசல் பில்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, மேலே கைப் பம்பை அமுக்கி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அரை மணித்தியாலம் ஆடாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கி, டீசல் மேலே நிற்கும். தண்ணீர் கொஞ்சம் என்றால் வடித்துவிட்டுப் புது பில்டர் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக வழுவழுப்பாக ஏதும் மிதந்தால், தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கிறது. அப்போது டாங்கியை இறக்கிக் கழுவாமல் பில்டர் மாற்றிப் பயனில்லை, சில வாரத்தில் அதுவும் அடைத்துவிடும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பில்டர் முழுக்க அடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி அடைத்திருந்தால் ஓட்டத்திலும் மூச்சு வாங்கும். காற்றைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். இரவு நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ண முன்னம், கைப் பம்பை அமுக்கிப் பாருங்கள். விரைவில் இறுகினால் நல்லம். அமுக்க அமுக்க மெத்தென்று போய்க்கொண்டே இருந்தால் டீசல் பின்னுக்கு வடிந்திருக்கிறது, எங்கோ காற்றுப் புகுகிறது. பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பூட்டி ரேஸ் பண்ணச் சொன்னால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: கைப் பம்பின் தலை, பில்டரின் றப்பர் வளையம், ஹோஸ் முனைகள், டாங்கியின் மேலே இரும்புக் குழாய் வெளியேறும் இடம். கடலும் வாவியுமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் கிளிப்பும் குழாயும் உப்புக் காற்றில் வெளியே தெரியாமல் அரித்திருக்கும். டாங்கி கால்வாசிக்குக் கீழே போனால் கூடுகிறது என்பதால், டாங்கிக்குள் உறிஞ்சும் குழாயைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அதில் துவாரம் இருந்தால், டீசல் மட்டம் அந்தத் துவாரத்துக்குக் கீழே இறங்கும்வரை ஒன்றும் தெரியாது.

வீட்டு வளவிலேயே இதை உறுதிப்படுத்தலாம். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பில்டருக்கு வரும் ஹோஸை டாங்கியிலிருந்து பிரித்து, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனுக்குள் விட்டு, திரும்பிவரும் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். குமிழி நின்று, ஐட்லிங்கும் சீரானால் குற்றம் டாங்கிப் பக்கம். கேனை வைத்துக்கொண்டு வீதியில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் பம்பில் இருக்கும் எஸ்.சி.வி வால்வு. பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்து விடுவது அதுதான். அழுக்குத் தண்ணீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஐட்லிங் ஏறி இறங்குவது அதன் குணமும்கூட. ஸ்கேனர் உள்ளவரிடம் போய், பிழைக் கோட் மட்டும் பார்க்காமல், கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் வண்டி எடுக்கும் நேரத்திலேயே பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். கிடைப்பது பின்தங்கினால் எஸ்.சி.வி வால்வைச் சந்தேகியுங்கள். அதை மாற்றினால் பம்பின் பழைய பதிவை ஸ்கேனரால் அழித்துப் புதிதாகப் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, புது வால்வும் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இத்தனையும் முடிந்த பிறகு குறை இருந்தால் மட்டும் இன்ஜெக்டரைக் கழற்றி சோதனை பெஞ்சில் போடட்டும். நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது.

பரலை நிமிர்த்தி வைத்தால் மேல்தட்டில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது, மூடியின் ஓரத்தால் அந்தத் தண்ணீரைப் பரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரைக்குக் கீழ் வையுங்கள், இல்லையேல் சரித்து வையுங்கள். அடிவரைக்கும் வழித்து வண்டிக்கு ஊற்ற வேண்டாம்.

ஒன்று கட்டாயம். பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிகுடியில் பிரதான வீதிக்கு ஏறும்போது, கல்முனைப் பக்கமிருந்தோ மட்டக்களப்புப் பக்கமிருந்தோ பஸ் வந்துகொண்டிருந்தால் இடைவெளியை நம்பிப் பாய வேண்டாம். உங்கள் கெப் திணறும் அந்த ஒன்றிரண்டு செக்கனுக்குள் பஸ் மேலே வந்துவிடும். திருத்தும்வரை அரைச்சுமை ஏற்றுங்கள், வீதி முழுக்க வெறுமையானால் மட்டும் எடுங்கள். பின்னால் நிற்பவர் ஹோன் அடித்தால் அடிக்கட்டும்.

கேள்வி: எங்கள் டர்போ டீசல் கெப்பும் எடுக்கும்போது திணறுகிறது, ஆனால் கறுப்புப் புகையோடு. இதுவும் டீசல் பில்டரா?
வாசகர், சம்மாந்துறை

பதில்: இல்லை. டீசல் வருகிறது, எரிக்கக் காற்றுப் போதவில்லை. நெல் ஆலைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் முதலில் எயார் பில்டரைக் கழற்றுங்கள், உமித்தூசி சீக்கிரம் அடைக்கும். அடுத்து டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் றப்பர் குழாய். ஒருவரை ரேஸ் பண்ணச் சொல்லி, என்ஜின் ஓடும் பாகங்களில் படாமல் கையை வைத்துப் பார்த்தால் வெடிப்பில் காற்று அடிப்பது தெரியும், எண்ணெய் ஈரமும் படிந்திருக்கும். இரண்டும் சரியென்றால், புகைக் காற்றைத் திரும்ப உள்ளே விடும் ஈ.ஜி.ஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கலாம். கழற்றி, கரியைச் சுரண்டி, முழுக்க மூடுகிறதா என்று பாருங்கள்.